பாடுவோர் யாருக்கு உடைமை?

மாதம் இருமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் கோவையிலிருந்து ஆனைகட்டி மலைப்பாதை வழியாக அகளிக்குச் சென்று, அங்குள்ள அன்பர்களுக்குத் தம்மபாடம் நடத்தி வருகிறோம். சென்ற பாடத்தன்று, திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்தபின், வழக்கமாக முன்வரிசையில் அமரும் இளைஞர் ஒருவர் இல்லாமையைக் கண்டு வினவினோம். அவர் நம் சிறுவர்களின் பறைக்குழுவில் மூத்தவர். அடிமுறைகளை மற்றவர்க்குச் சொல்லித்தருபவர். பறையைத் தோளினின்று கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டார், இனி அடிப்பதில்லை என்கிறார் என்று கூறினார்கள். நாமே அவர் வீட்டுக்குச் சென்றோம். சுவரில் பறை தொங்கிற்று. அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு படத்தைக் கிழித்தெடுத்த தடமும் இருந்தது.

“ஐயா, அவர்களும் சினிமாவுக்குப் போய்விட்டார்கள். இனி யாரை நம்புவது?” என்றார்.

கிழித்தெடுக்கப்பட்ட படம் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழுவினுடையது. அவர் துயரத்துக்கு அண்மைக் காரணம் ஒன்றும் இருந்தது. அட்டப்பாடிப் பக்கம் படம் எடுக்க வந்த ஒரு கூட்டத்தார், ஒரு காட்சிக்குப் பறையடிக்க ஆள் வேண்டும், நாட்கூலி தருவோம் என்று நம் குழுவை அழைத்திருந்தனர். மற்ற எழுவரும் போக விரும்பினர். இவர் மறுத்தார். பேச்சு முற்றி, குழுவே கலையும் நிலை. ஆகவே, இன்றைய பாடத்தை இந்தப் பொருளின்மேல் அமைத்துக்கொள்கிறோம்.

அக்குழுவின் வரலாற்றை அறியாத அன்பர்களுக்காகச் சிறிது கூறுவோம். இயக்குநர் பா. இரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மா அவர்களும் சேர்ந்து 2017-இல் தோற்றுவித்தது அது. 2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னையில் முதன்முதல் அரங்கேறிற்று. வடசென்னையின் கானாவும், பறையும், மேனாட்டு ராக், ராப் முறைகளும் ஒரே மேடையில் கலந்து நின்றன. சாவு வீட்டில் மட்டும் ஒலிக்கலாம் என்று ஒதுக்கப்பட்ட ஓசை, விளக்கொளியில், கட்டணமில்லா மைதானத்தில், ஆயிரவர் நடுவே ஒலித்தது. அதன் பெயரோ நமக்கு இன்னும் நெருக்கமானது. ‘சாதிபேதமற்ற’ என்று அயோத்திதாசப் பண்டிதர் நம் முன்னோரைக் குறித்து வழங்கிய சொல்லினின்று எடுத்த பெயர் அது. 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அந்தப் பெருமகனாரின் சொல், நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் இளைஞர் வாயில் பாட்டாக வந்ததென்றால் நாம் மகிழாதிருப்பது எங்ஙனம்? அகளியில் இந்தத் தம்பி செல்போனில் அதைக் கேட்டுத்தான் பறையைக் கையில் எடுத்தார்.

பின்னர் என்ன நேர்ந்தது? தென்மா 2019-இல் ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ படத்துக்கும், 2022-இல் ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்துக்கும் இசையமைத்தார். குழுவில் பாடிய அறிவு, 2019-இல் ஒஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற தனித் தொகுப்பை வெளியிட்டவர். அடுத்து ‘மாஸ்டர்’ என்ற பெரும்படத்துக்குப் பாட்டெழுதிப் பாடினார். முதல் இரண்டும் நம் மக்களின் வாழ்வைப் பேசும் படங்கள். மூன்றாவது நாயகனைத் துதிக்கும் பாட்டு. இந்த வேறுபாடு நம் தம்பிக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. அவருக்கு எல்லாம் ஒன்றே: “விலைபோய்விட்டார்கள்.”

இத்துயரம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் பாப் டிலன் என்பார், போர் எதிர்ப்பாளர்களும் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடியவர்களும் தம் பாடகனென்று கொண்டாடப்பட்டவர். 1965 ஜூலை 25-ஆம் நாள் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்கிதாரைக் கையிலேந்தி வந்தபோது கூட்டத்திலிருந்து கூச்சல் எழுந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் மான்செஸ்டர் நகரில் ஒருவர், ஏசுநாதரைக் காட்டிக்கொடுத்த யூதாசின் பெயரைச் சொல்லியே அவரை விளித்தார். கட்டணம் செலுத்தி உள்ளே வந்து அமர்ந்தே அவ்வாறு கூவினார் என்பதையும் அன்பர்கள் கவனிக்கவேண்டும்.

இந்த ஏமாற்றம் எதனால் ஆயது? இதை ஆராய்வதே பாடத்தின் முதற்பகுதி.

சங்யுத்த நிகாயத்தில் ஓர் உவமை வருகிறது. வீணையின் ஓசையை அதுவரை கேட்டறியாத அரசன் ஒருவன், எங்கிருந்தோ வந்த அவ்வினிய ஓசையில் மயங்கி, அந்த ஓசையைக் கொண்டுவருக என்றான். வீணையைக் கொணர்ந்தனர். வீணை வேண்டாம், ஓசையைத் தருக என்றான். ஓசை தனியே இல்லை. பத்தர், தோல், தண்டு, நரம்பு, கோல், மீட்டுவோன் முயற்சி இவை கூடுங்கால் பிறப்பது என்று விளக்கினர். அரசன் கேட்கவில்லை. வீணையைப் பிளந்தான், சிம்பு சிம்பாக்கினான், எரித்தான், சாம்பலைக் காற்றில் தூற்றினான். ஓசை எங்கும் அகப்படாமையால், வீணை என்பது வெறும் ஏமாற்று என்று சலித்துக்கொண்டான்.

நம் தம்பி செய்ததும் ஏறக்குறைய இதுவே. 2018-இல் அவர் கேட்ட ஓசை ஒரு மனிதனுக்குள் பூட்டி வைத்த பொருளன்று. பாடியவர், அடித்தவர், மேடை அமைத்தவர், அக்கால அரசியல், அகளியில் பதினாறு வயதில் வேலை தேடி அலைந்த ஒரு செவி, இவை யாவும் கூடிப் பிறந்தது. கூடியவை மாறின; ஓசையும் மாறிற்று. அநித்தியம் என்று ஞாயிறுதோறும் நாம் ஓதுவது கல்லுக்கும் மரத்துக்கும் மட்டுமா? ஆனால் நாம் பாட்டை நேசிப்பதோடு நில்லாமல், பாடியவனையே நம் உடைமையாக்கிக் கொள்கிறோம். அவன் நம் தெருவில், நம் வறுமையில், நாம் முதல்நாள் கண்ட அதே சட்டையில் நிற்கவேண்டும் என்கிறோம். இதனையே பகவான் உபாதானம் என்றார்.

தமிழ்ப் பௌத்தராகிய நமக்கு இதில் மணிமேகலைக் காப்பியமும் துணைசெய்கிறது. மாதவி ஆடற்கலையில் தேர்ந்தவள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுப்பாருக்கு என்று அவள் மாலையைத் தெருவில் விலைகூறச் செய்த ஊர் அது. அவள் அறவண அடிகளிடம் சரணடைந்து, மகளையும் அழைத்துக்கொண்டு அரங்கை விட்டு நீங்கினாள். இந்திரவிழாவுக்கு மாதவியும் மணிமேகலையும் ஆடவரவில்லை என்றதும் தாய் சித்திராபதி துடித்தாள். ஊர் பழிக்கும் என்று ஆளனுப்பினாள். மாதவி சந்தையை விட்டாள், சித்திராபதி சினந்தாள். இன்று பாடகர் சந்தைக்குப் போகிறார், நாம் சினக்கிறோம். திசைதான் வேறு. கலை பயின்றவரின் உடலும் நாளும் தமக்கே உரியன என்று சித்திராபதி எண்ணினாள். நாமும் அவ்வாறே எண்ணுகிறோம். இவ்வாறு கூறியபோது வகுப்பில் பெண்மணி ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

“அப்படியானால் காசுக்கு எதை வேண்டுமானாலும் பாடலாமா ஐயா?” என்றார். நல்ல கேள்வி. நாம் மழுப்பவில்லை.

இராசகிருகத்து வேணுவனத்தில் தாலபுடர் என்னும் கூத்தர்தலைவர் பகவானை அணுகினார். மேடையில் மெய்யும் பொய்யும் கலந்து மக்களைச் சிரிக்கவைக்கும் கூத்தன் இறந்தபின் சிரிக்கும் தேவருலகை அடைவான் என்று எங்கள் பழைய ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள், தாங்கள் யாது கூறுகிறீர்கள் என்றார். இதைக் கேளாதிரும் என்று பகவான் இருமுறை தடுத்தார். மூன்றாம் முறையும் கேட்கவே விடை கூறினார். முன்னமே ஆசையிலும் வெறுப்பிலும் மயக்கத்திலும் கட்டுண்ட மக்களை மேலும் அவற்றில் ஆழ்த்தி, தானும் மயங்கித் திரிபவன் செல்லுமிடம் தேவருலகன்று என்பது அதன் கருத்து. தாலபுடர் அழுதார். கூறிய விடைக்காக அழவில்லை, அத்தனைக் காலம் ஆசிரியர்களால் ஏமாற்றப்பட்டேனே என்று அழுதார் என்று சூத்திரம் உரைக்கிறது. பின்பு அவர் துறவு பூண்டு அருகத நிலை எய்தினார்.

இதிலே கூலி வாங்கினானா என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கருதுக. பாட்டு கேட்பவனை என்ன செய்கிறது என்பதே அளவுகோல். இல்லறத்தார் செய்யத்தகாத வாணிகங்கள் ஐந்து என்று பகவான் வகுத்தார்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. பாட்டு அப்பட்டியலில் இல்லை. உபோசத நாளில் எட்டுச் சீலம் காப்போர் ஆடல்பாடலை விலக்குகின்றனர்; அது அந்நாளின் நோன்பு. மற்ற நாள்களில் பாடிப் பிழைப்பவன் சோறுண்ண வேண்டாமா? சிகாலனுக்கு உபதேசித்தபோது, ஈட்டிய பொருளை நான்காகப் பகுத்து, ஒன்றைத் துய்த்து, இரண்டைத் தொழிலில் இட்டு, ஒன்றை இடர்க்காலத்துக்கு வைக்கச் சொன்னவர் பகவான். பொருளீட்டாதே என்று இல்லறத்தானுக்கு அவர் சொன்னதாக நாம் அறியோம். ஏன், பண்டிதர் 1907-இல் தொடங்கிய ஏட்டின் பெயர் என்ன? ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே பெயராக வைத்தார்! ஏழையால் தரக்கூடிய விலை; ஆனாலும் விலை.

ஆகவே, ‘மாஸ்டர்’ படப் பாட்டு நம் தம்பிக்குப் பிடிக்கவில்லையென்றால் அதை அவர் தாராளமாகச் சொல்லலாம். நமக்கும் அது பிடிக்கவில்லை. ஆயினும் அது பாட்டின்மேல் கூறும் தீர்ப்பு. பாடியவர் பணம் வாங்கினார் என்பது குற்றமாகாது.

ஏமாற்றத்தை இவ்வாறு தணித்துவிட்டு எழுந்துவிட்டால் பாடம் பாதியில் நிற்கும். சந்தையில் உண்மையாகவே ஒரு தீங்கு நிகழ்வதுண்டு. அது வேறிடத்தில் நிகழ்கிறது.

2021 மார்ச் 7-ஆம் நாள் ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்ற பாடல் வெளியாயிற்று. சொற்கள் அறிவினுடையவை, பாடியோர் தீ, அறிவு, இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், வெளியிட்டது, ஏ. ஆர். ரகுமான் துணைநின்று தொடங்கிய ‘மாஜா’ என்னும் நிறுவனம். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர், நிலமின்றித் திரும்பியவர். அப்பாட்டியிடம் கேட்ட கதைகளிலிருந்தே பாட்டு பிறந்ததென்று அறிவு கூறினார். யூடியூபில் நாற்பது கோடி முறைக்குமேல் அது பார்க்கப்பட்டது. நிலமற்றவளின் கதை உலகெங்கும் ஆடப்பட்டது. நல்லது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ என்ற இசை இதழ் அப்பாடலையும் ‘நீயே ஒளி’ என்ற பாடலையும் பாராட்டி அட்டைப்படம் வெளியிட்டது. தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். இரு பாடல்களுக்கும் தமிழ்ச்சொல் தந்த அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். எதிர்ப்பு எழுந்தபின் அவ்விதழ் அறிவின் படத்தோடு இணையத்துக்கென வேறோர் அட்டையை வெளியிட்டது. 2022 ஜூலை 28-ஆம் நாள் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அதே பாட்டு ஒலித்தது. அம்மேடையிலும் அவர் இல்லை. சில நாள்களில், பாட்டை இயற்றி எழுதிப் பாடியது தாமே என்று அறிவு எழுதினார். அது மூவர் உழைப்பு, வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் மறுமொழி தந்தார். 2024 மார்ச்சில் அவரே, மூன்றாண்டு கழிந்தும் அப்பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று சொன்னார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

யார் பக்கம் நீதி என்று தீர்ப்பளிக்க நாம் நீதிமன்றமல்லோம். நம் சீலத்தின்படி கேட்கவேண்டிய கேள்வி மட்டும் நமக்குண்டு. இரண்டாம் சீலம், கொடாததை எடுக்காமை. நாம் இதைப் பானை திருடாமை, பணம் திருடாமை என்றே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். பெயரை எடுப்பதும் எடுப்பதே. கூலியை நிறுத்திவைப்பதும் எடுப்பதே. வேலை செய்தவனுக்கு உணவும் ஊதியமும் தருவது எசமானனின் கடமை என்று சிகாலனிடம் பகவான் வகுத்துச் சொன்னது இசைச்சந்தைக்கும் பொருந்தும். “அவன் ஏன் சந்தைக்குப் போனான்” என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், “சந்தையில் அவன் பெயர் எங்கே, பங்கு எங்கே” என்று கேட்க வாயில்லாமற் போகிறது. நாம் விலகிக்கொண்டதால் இலாபம் அடைபவர் யார்?

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

நாம் கோவையில் ஒரு பஞ்சாலையில் ரிங் பிரேம் பகுதியில் பதினேழு ஆண்டுகள் அறுந்த இழை ஒட்டினோம். அக்காலத்தில் கார்டிங் பகுதியில் ஒரு தோழர் இருந்தார். நம்மிலும் இளையவர். வாயிற்கூட்டங்களில் அவர் பாடுவார். பஞ்சுத்தூசி அடைத்த தொண்டைதான். ஆயினும் ஷிப்டு முடிந்து போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கதவடைப்பு ஒன்று நீண்டபோது, அவர் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு சினிமாப் பாட்டு பாடப் போனார். தேர்தல் வந்தது, கட்சி மேடையிலும் கூலிக்குப் பாடினார். தேநீர்க் கடையில் பலர் முன்னிலையில் “தொண்டையை விற்றவன்” என்று சொன்னது நாமே. நான்கு ஆண்டுகள் அவரோடு பேசவில்லை.

ஆலை மூடிக் கணக்குத் தீர்த்த நாளில், வரிசையில் அவர் நமக்குப் பின்னால் நின்றார். நாமாகவே திரும்பி, அந்தப் பழைய பாட்டுகளை விட்டுவிட்டாயே என்றோம். அவர் கோபிக்கவில்லை. “பாட்டுப் புத்தகம் போட்டீர்களே அண்ணா, அதில் என் பேர் இல்லையே” என்றார்.

அப்புத்தகத்தைத் தொகுத்தது நாம். ஒரு ரூபாய் விலை. பதினொரு பாட்டுகளில் ஏழு அவருடையவை. தொழிலாளர் பாடல்கள் என்று அட்டையில் அச்சிட்டோம். எல்லோருக்கும் பொதுவானது, தனிப்பெயர் எதற்கு என்று அன்று உயர்வாகவே எண்ணினோம். தொகுத்தோர் என்ற இடத்தில் நம் பெயர் மட்டும் இருந்தது. அவரைக் கேட்கவுமில்லை, ஒரு பிரதியை இலவசமாகக் கொடுக்கவுமில்லை. காசு கொடுத்து வாங்கினாராம். கல்யாண வீட்டுக்காரர் அவருக்குக் கூலி கொடுத்தார். நாம் என்ன கொடுத்தோம்? பிறகு அவரைத் தேடினோம், வீடு மாறியிருந்தார். இன்றுவரை அகப்படவில்லை.

இதைச் சொன்னபின் தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு நஞ்சியம்மாளைப் பற்றி அவரே எடுத்தார். அட்டப்பாடியில் அவரை அறியாதார் இல்லை. இருளர் குலத்து மூதாட்டி, ஆடு மேய்த்தவர், பழனிசாமி என்னும் கலைஞர் நடத்திய ஆசாத் கலைக்குழுவோடு சேர்ந்து பல காலம் பாடியவர். இயக்குநர் சச்சி ‘அய்யப்பனும் கோசியும்’ என்ற மலையாளப் படத்தில் அவரைப் பாடவைத்தார். படம் 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. பாட்டு அவருடைய சொற்களில், அவருடைய இருளர் மொழியில்தான் இருந்தது. 2022 ஜூலையில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, முறையாகச் சங்கீதம் பயின்றவர்களுக்கு இது அவமதிப்பு என்று இசைத்துறையினர் ஒருவர் சொன்னார். பலர் அம்மூதாட்டிக்காகப் பரிந்து பேசினர். செப்டம்பர் 30-ஆம் நாள் தில்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் விருது பெற்றார். மன்றம் எழுந்து நின்றது. விருது பெற்ற பின்னும், கணவர் குடும்பத்து நிலத்துக்காக இங்கே அகளியில் அவர் வழக்காடவேண்டியிருந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின.

“அவரை யாரும் விலைபோனார் என்று சொல்லவில்லையே ஐயா” என்றார் தம்பி. ஏன் சொல்லவில்லை என்று திருப்பிக் கேட்டோம். யோசித்து, “அவர் பேர் இருந்தது, அவர் பாஷை இருந்தது” என்றார். நாம் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க எண்ணியிருந்தது, அப்பாட்டில் பறை கொட்டியவர், குழல் ஊதியவர் பெயர் எத்தனைப் பேருக்குத் தெரியும் என்பது. அதை அடுத்த பாடத்துக்கு வைத்துக்கொண்டோம்.

படப்பிடிப்புக்கு அவர் போகவில்லை. அது அவர் விருப்பம், நாம் வற்புறுத்தவில்லை. மற்ற எழுவரும் போயினர். போகுமுன் படக்குழுவின் மேலாளரிடம் கொடுப்பதற்காக ஒரு தாள் வேண்டியிருந்தது. அதை எழுதித் தந்தவர் அவரே. இன்னார், இன்ன வாத்தியம், இன்ன கூலி, படத்தின் முடிவில் பெயர் வரவேண்டிய எழுத்து இன்னது என்று, தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாக இரு பிரதி. எழுவருக்கு மேலே முதலில் ஒரு பெயர் இருந்தது. அடிமுறைகளை இவர்களுக்குச் சொல்லித்தந்த பெரியவர். இப்போது கட்டிலை விட்டு எழ இயலாதவர். வராதவருக்குப் பெயர் எதற்கு என்று மேலாளர் கேட்டாராம். அந்த வரியை அடித்துவிட்டால் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்தார். வரி அப்படியே இருந்தது. எழுவரும் மாலைவரை அடித்துவிட்டுக் கடைசிப் பேருந்தில் வந்து சேர்ந்தனர்.